உட்காராத மாமா

என் தாய்மாமா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். அத்தை பாய் விரித்து வைப்பாள். அது காலியாகவே கிடக்கும்.

"உக்காருங்களேன், யாரு தொரத்தறாங்க?" என்று அவள் கேட்பாள்.

"உக்காந்து இன்னா பண்ணப் போறேன்?" என்பார்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான். கல்யாண வீட்டிலும் நிற்பார், சாவு வீட்டிலும் நிற்பார். பஸ்ஸில் இடம் காலியானால் பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக ஆடிக்கொண்டே வருவார்.

அவர் திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தார். வீடு அடி அண்ணாமலையில். என் அம்மாவுக்குத் தம்பி. நான் ஏழாவது படிக்கும்போது போளூர் ரோட்டில் லாரி மோதி அம்மா இறந்துபோனாள். அதன்பிறகு அம்மா வழியில் எனக்கென்று மிஞ்சியது இந்த மாமாவும் அவர் மனைவியும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஹோட்டலுக்குப் போய் ஓரத்து மேஜையில் உட்காருவேன். இடது கையில் தோள்வரை தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் வளைந்து நெளிந்து வருவார். எதுவும் சிந்தாது. போகிற போக்கில் என் முன்னால் ஒரு வடை வந்து உட்கார்ந்திருக்கும். எப்போது வைத்தார் என்று தெரியாது.

"உங்க மாமாவுக்கு உள்ள மோட்டார் ஓடுது" என்று முதலாளி என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் அவரோடு பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். சந்நிதியில் கைகூப்பி நின்றார். சேர்ந்திருந்த உள்ளங்கைகளுக்கு மேலே விரல்கள் மட்டும் தனித்தனியாக எழுந்து எழுந்து படிந்தன, யாரோ கீழே இருந்து தூண்டிவிடுவதுபோல. தீபாராதனை முடியும்வரை நான் சாமியைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், "விரலுக்கு இன்னா மாமா?" என்று கேட்டேன். கைகளை உடனே சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அதுக்கும் உக்காரத் தெரியல" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம்.

என் மகளுக்குக் காது குத்த ஏற்பாடு செய்தபோது மடியில் வைத்துக்கொள்ள மாமாவைத்தான் கூப்பிட்டேன். எனக்கு உடன்பிறந்தவன் இல்லை, அந்த இடம் அவருடையதுதான். அவர் மாட்டேன் என்றார். அதற்கு முன்பும் குழந்தையை அவர் தூக்கியதில்லை. தொட்டில் பக்கமாக வந்து எட்டிப் பார்ப்பார், நாக்கைத் தட்டி ஒலி எழுப்புவார், போய்விடுவார்.

"எனக்கு உக்காரத் தெரியாதுனு உனக்குத் தெரியாதா கண்ணு? வேற யாரையாச்சும் உக்கார வை" என்று சொல்லிவிட்டுப் பந்தி பரிமாறப் போனார். என் கணவரின் வீட்டார் முகம் சுளித்தார்கள். கடைசியில் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினோம். மாமா தூரத்தில் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வருஷம் முதலே அவர் நிறையச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். இட்லி வேக வேக ஒரு ஈடு முழுதாக அவருக்கே போகும். ஹோட்டலில் தின்றுவிட்டு வந்து வீட்டிலும் தின்பார். ஆனால் சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே போனது, கழுத்தெலும்பு துருத்தியது. அத்தை சர்க்கரை என்று நினைத்தாள். சோதித்தால் சர்க்கரை இல்லை. சளியைச் சோதித்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. "தின்னதெல்லாம் எங்க போவுதுனே தெரியலம்மா" என்று அத்தை போனில் சொல்லும்போது குரல் தாழ்ந்திருக்கும், பக்கத்தில் யாரோ ஒட்டுக்கேட்பதுபோல.

பிறகு ஒரு நாள் கொதிக்கிற சாம்பாரை ஒரு வாடிக்கையாளரின் தொடையில் கொட்டிவிட்டார். முதலாளி அவரைச் சமையல்கட்டுக்குள் அழைத்துப் போய், "வாய ஊது" என்றார். மாமா ஊதினார். நாற்றம் இல்லை.

"குடிக்காமயே ஏன்யா தள்ளாடற?" என்று கேட்டாராம்.

அன்றோடு வேலை போயிற்று.

வீட்டில் இருக்க நேர்ந்ததும் கோபம் வந்தது. வாழ்நாளில் அத்தையை அதட்டாத மனிதர் சோற்றுக் குண்டானைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அத்தை தன்னைப் பற்றி ஊரில் பேசுகிறாள் என்றார். ஐந்து நிமிஷத்தில் தணிந்து, சிதறிய சோற்றைக் குனிந்து பொறுக்கினார். பொறுக்குகிற கையும் துள்ளியது. "எனக்குப் பயமா இருக்குது. தூங்கும்போது மட்டுந்தாம்மா அவரு பழைய ஆளா இருக்காரு" என்றாள் அத்தை.

வீட்டில் அடைந்திருக்க முடியாமல் கிரிவலப் பாதையில் நடக்க ஆரம்பித்தார். காலையில் போனால் மாலையில் வருவார். இதற்குள் நடையே மாறியிருந்தது. ஒரு கால் தயங்கும், மற்றது எகிறும், தோள் குலுங்கும், தலை பக்கவாட்டில் வெட்டும், முகத்தில் காரணமில்லாமல் ஒரு புன்னகை வந்து போகும். வேறு ஊராக இருந்தால் கல்லெறிந்திருப்பார்கள். எங்கள் ஊரில் காலில் விழுந்தார்கள்.

முதலில் யாரோ ஒரு வெளியூர்ப் பெண் வாழைப்பழம் கொடுத்து வணங்கினாள். அவருக்குத் தீராத பசி, வாங்கித் தின்றார். அவர் தின்றதை வரம் என்று எடுத்துக்கொண்டாள் அவள். அடுத்த பௌர்ணமிக்கு நாலைந்து பேர் பின்னால் நடந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஒரு கூட்டமே நடந்தது. காவி கட்டிய ஓர் ஆள் எங்கிருந்தோ வந்து சேர்ந்து, யார் அருகில் போகலாம், யார் போகக்கூடாது என்று ஒழுங்குபடுத்தினான். மாமாவின் நெற்றி நிறைய விபூதி பூசினான்.

"நான் சாமி இல்லய்யா, ஹோட்டல்ல வேல செஞ்சவன்" என்று மாமா சொல்லிப் பார்த்தார்.

"சித்தருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அந்த ஆள் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னான்.

அத்தை எனக்குப் போன் செய்து அழுதாள். நான் அப்போது வேங்கிக்காலில் குடியிருந்தேன், அங்கேயே அரசு அலுவலகத்தில் வேலை. ஒரு பௌர்ணமி அன்று மத்தியானமே அனுமதி வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டிவரப் போனேன். அடி அண்ணாமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை ஓரமாகக் கூட்டம் தெரிந்தது. நடுவில் மாமாவின் தலை வெட்டி வெட்டி ஆடியது. நெருங்கியபோது, ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவர் முன்னால் நின்றது. அந்தப் பெண் கண்களை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, கைக்குழந்தையை அவர் கைகளில் கொடுத்துவிட்டாள்.

கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்க் கும்பிட்டாள்.

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வலது கை குழந்தையோடு மேலே எகிறியது. குழந்தையின் தலை பின்னால் சாய்ந்தது.

"எடுத்துக்கோ! எடுத்துக்கோம்மா! என் கை எனக்குக் கேக்காது!" என்று கத்தினார்.

அவர்களுக்குத் தமிழ் புரியவில்லை. அருள்வாக்கு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். காவிக்காரன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். அவன் கையைக் கடித்தேனா, தள்ளினேனா, இன்றைக்கும் நினைவில்லை. அதற்குள் மாமா தார் ரோட்டில் மடங்கி உட்கார்ந்திருந்தார். கீழே விழுந்தாலும் குறைந்த உயரத்திலிருந்து விழட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். குழந்தையை மடியில் இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தன் உடம்பின் எடையாலேயே அவற்றைத் தரையில் அழுத்தி வைத்திருந்தார். தொடைகள் துள்ளின. குழந்தை மடியில் புரண்டு விளிம்புக்கு வந்திருந்தது. நான் வாரி எடுத்தேன். அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

மாமா எழுந்திருக்க முயலவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் கண்ணு உன் பொண்ணுக்குக் காது குத்த உக்காரலை" என்றார். பிறகு, "என்னை நல்ல டாக்டருகிட்ட இட்டுக்கினு போ. எனக்குள்ள வேற யாரோ இருக்கறா மாதிரி இருக்குது" என்றார்.

சென்னைக்குப் போனோம். மூளை நரம்பு மருத்துவர் ஒரு பெண்மணி, அவசரமில்லாமல் பேசினார். மாமாவை நாக்கை வெளியே நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். நீட்டினார். நாக்கு உடனே உள்ளே போய்விட்டது. மறுபடி நீட்டினார், மறுபடி போயிற்று. அதைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் ஏதோ முடிவாகிவிட்டது எனக்குத் தெரிந்தது.

"உங்க அப்பாவுக்கு இப்படி இருந்துதா?"

"அவரு குடிச்சிட்டு ஆடுவாருங்க. கெணத்துல வுழுந்து செத்துட்டாரு."

"குடிச்சதை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க. ஊர்ல அப்படித்தான் சொன்னாங்க."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு, என் மகளையும் தூக்கிக்கொண்டு மறுபடி போனோம். ஹண்டிங்டன் நோய் என்றார் டாக்டர். அத்தைக்குப் புரிய வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியானு ரொம்பச் சின்னதா இருக்கும்மா. அடுப்புனு வெச்சுக்கோங்க. சாப்பிடறதைச் சக்தியா மாத்தறது அதுதான். உடம்புலயே மூளைக்குத்தான் சக்தி ஜாஸ்தி வேணும். இவருக்கு ஒரு மரபணுல பிறக்கும்போதே கோளாறு. அதனால ஒரு புரதம் தப்பா உருவாகுது. அது செல்லை பல வகையில கெடுக்குது. அந்த அடுப்பையும் சரியா எரிய விட மாட்டேங்குது. கை கால் தேவையில்லாம அசையாம பார்த்துக்கற ஒரு இடம் மூளைக்குள்ள ஆழத்துல இருக்கு. அங்க இருக்கற செல்லுங்கதான் முதல்ல சாகுது."

"அப்ப சாப்பாடு ஜாஸ்தி குடுத்தா சரியாயிடுமாங்க?"

"குடுங்க. எடை குறையாம பார்த்துக்கணும், அது ரொம்ப முக்கியம். ஆனா நோய் அதால நிக்காதும்மா. அந்த அடுப்பை ஏத்திவிடறதுக்கு மாத்திரையெல்லாம் குடுத்துப் பார்த்தாங்க, எதிர்பார்த்த பலன் இல்ல. அடுப்பு கெட்டதால செல்லு சாகுதா, செல்லு சாகறதால அடுப்பு கெடுதானு கூட முழுசா தெரியல. ஆட்டத்தைக் கம்மி பண்ண மருந்து இருக்கு. நோயை நிறுத்த இன்னும் இல்ல."

பிறகு, இது பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். உடன்பிறந்தவர்கள் உண்டா என்று மாமாவைக் கேட்டார்.

"ஒரு அக்கா" என்றார் மாமா.

"எங்கம்மா. முப்பத்திரண்டு வயசுல ஆக்சிடென்ட்ல இறந்துட்டாங்க" என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அதுவரை நான் மாமாவின் துணைக்கு வந்தவள். அந்தப் பார்வைக்குப் பிறகு அப்படி இல்லை.

மாமா அவசரமாகக் குறுக்கிட்டார். "எங்க அக்காவுக்கு இல்லீங்க டாக்டர். அது கல்லு மாதிரி அசையாம உக்காந்து பூ கட்டும். கை அப்படி நிக்கும். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இருக்காது."

என் அம்மா பூ கட்டியதே இல்லை. தெருவில் வருகிற பூக்காரியிடம்தான் வாங்குவோம். மாமாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

வெளியே வராந்தாவில் அத்தை சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை இல்லையே என்று ஆயுசெல்லாம் கோயில் கோயிலாக ஏறியிறங்கியவள். "நல்ல வேளைங்க, நமக்கு ஒண்ணு பொறக்கல" என்றாள் மாமாவிடம். சொல்லி முடிப்பதற்குள் நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். அவள் கண்கள் என் இடுப்பில் இருந்த மகளின் மேல் போய் நின்றன.

அவர்களை வேங்கிக்காலில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தேன். கூட்டம் அங்கே வரவில்லை. மாமா உயிரோடிருந்த மீதி வருஷங்கள் முழுக்க எங்களுக்குப் பயம்தான் வேலை. அரிவாள்மனையை ஒளித்து வைத்தோம். படியில் விழுவார், கதவில் மோதிக்கொள்வார், கட்டிலிலிருந்து எகிறித் தரையில் கிடப்பார். கொஞ்ச காலத்தில் தண்ணீர் விழுங்கினாலும் புரை ஏறியது. அத்தை கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, நெய் விட்டு, நாள் முழுக்கக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அடுப்பு எரியட்டும், எரியட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊட்டுவாள். மத்தியானத்தில் கொஞ்சம் தூங்குவார். அப்போது மட்டும் அந்த உடம்பு ஓயும். அதைப் பார்த்து நிம்மதி வர வேண்டும். ஆனால் அவர் அசையாமல் கிடந்தால் அத்தை ஓடிப்போய் மூக்கருகில் விரல் வைப்பாள்.

பேச்சு குழறி முழுதாக நிற்பதற்கு முன் ஒரு நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னார்.

"நீ... டெஸ்ட் பண்ணிக்கோ கண்ணு."

"சரி மாமா."

"பண்ணிட்டு... என்கிட்ட மட்டும்... சொல்லாத."

நான் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டால் வாயால் சொல்லாவிட்டாலும் என் முகத்தில் படித்துவிடுவார். அவரை அப்படிச் சாகவிட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உணவு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் அவர் இறந்தபோது என் மகள் மூன்றாவது படித்தாள். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது ஊரார் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நானும் அத்தையும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தச் சாக்கும் இல்லை. அம்மா இறந்த வயதை நான் தாண்டிவிட்டேன். அம்மாவைப் பற்றிய நினைவு ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துச் சோதிக்கிறேன். ரேடியோ கேட்கும்போது அவள் கால் ஆடுமே, அது பாட்டுக்கு ஆடியதா? பால் டம்ளரை ஒரு முறை தவறவிட்டாளே, எத்தனை பேர் தவறவிடுகிறார்கள்? விபத்து நடந்த அன்று லாரி டிரைவர் அப்பாவிடம், "அந்தம்மாவேதான் தடுமாறி முன்னாடி வந்துட்டாங்க சார்" என்று அழுதானாம். பொய் சொல்கிறான் என்று எல்லோரும் அடிக்கப் போனார்கள். அவன் உண்மையைச் சொல்லியிருந்தால்? இதை நான் அப்பாவிடம் கேட்டதில்லை. கேட்க மாட்டேன்.

காலையில் பல் துலக்கியதும் கண்ணாடி முன் நாக்கை நீட்டி அப்படியே வைத்திருந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் ஒரு நாள் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். என் மகள் பின்னால் வந்து நின்றாள். ஆறாவது படிக்கிறாள், எதற்கெடுத்தாலும் விளையாட்டு. கண்ணாடியில் என் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து அவளும் நாக்கை நீட்டினாள். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவள் நாக்கு முதலில் உள்ளே போயிற்று.

சிரிப்பு தாங்காமல்தான் இழுத்துக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நீதான் ஜெயிச்சம்மா" என்றாள். நான் அவள் தோள்களைப் பிடித்து, "இன்னொரு தடவ நீட்டு" என்றேன். என் குரலைக் கேட்டு அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று அலுவலகத்துக்குப் போகவில்லை. சென்னைக்குப் போன் செய்து அதே டாக்டரிடம் பேசினேன். அடுத்த வாரம் போனேன். ரத்தம் எடுப்பதற்கு முன் ஓர் அறையில் உட்கார வைத்து, தெரிந்துகொண்டே ஆக வேண்டுமா, யோசித்தீர்களா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டார்கள். தெரிய வேண்டும் என்றேன். நேற்றுப் போன் வந்தது. முடிவு வந்துவிட்டது, போனில் சொல்ல மாட்டோம், நேரில் வாருங்கள், தனியாக வர வேண்டாம் என்றார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் சொல்வார்களா என்று கேட்டேன். எல்லோருக்கும்தான் என்றாள் அந்தப் பெண்.

என் கணவருக்குச் சொல்வதற்கு முன் அத்தை வீட்டுக்குத்தான் போனேன். அத்தை மாடியில் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். தலையை நிமிர்த்தாமல் இன்னும் இரண்டு வரிசை திருப்பினாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இருக்காது" என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"உங்க மாமாவ நான் பாத்துக்கல? உன்னையும் பாத்துப்பேன்" என்றாள்.

அவள் பிடியை விடவில்லை.

"எப்ப போறோம்?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமை" என்றேன்.